மோப்பம், கீழ்ப்படிதல், பிடி: பேராக்கில் காவல் நாய்ப் பயிற்சி வந்த மூன்று வழிகள்

காவல் நாய்ப் போட்டியை முதன்முறை பார்க்க வருகிறவர்கள் கடிக்காகக் காத்திருப்பார்கள். நடுவரின் கண்ணோ கடி முடிகிற இடத்தில் இருக்கும். கையில் தடித்த சணல் உறை மாட்டிய எதிராளி ஓட்டத்தை நிறுத்தி அசையாமல் நின்றதும், நாயை நடத்துபவர் ‘அவுஸ்’ என்று ஒரே ஒரு முறை சொல்வார். நாய் உடனே உறையை விட்டுவிட வேண்டும். விட்ட பிறகும் கண்ணை எடுக்காமல் ஆளைக் காத்து நிற்க வேண்டும். இரண்டாம் முறை சொல்ல நேர்ந்தால் மதிப்பெண் குறையும். மூன்றாம் முறை சொல்லியும் விடாத நாய் தகுதி இழக்கும். அதுவரை அது ஈட்டிய மதிப்பெண் எதுவும் மிஞ்சாது.

எஃப்சிஐ என்ற பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கும் இந்தப் போட்டிக்கு 2019 முதல் ஐஜிபி என்று பெயர். அதற்கு முன் ஐபிஓ. ஜெர்மனியில் நெடுங்காலம் வழங்கிய பெயர் ஷுட்ஸ்ஹுண்ட். மோப்பத் தடம், கீழ்ப்படிதல், காவல் என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 70 எடுக்க வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் மற்ற இரண்டின் மதிப்பெண்கள் கைகொடுக்காது.

மலேசியாவின் பேராக் மாநில வரலாற்றைப் பார்த்தால் இந்த மூன்று திறன்களும் அங்கே எப்போதோ வந்துவிட்டன. ஆனால் மூன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு மனிதர்களின் கையில், ஒன்றை ஒன்று அறியாமல் வந்தன. காவல் தோட்டத்து பங்களாவோடு வந்தது. கீழ்ப்படிதல் நாய்க் கண்காட்சிச் சங்கங்களோடு வந்தது. மோப்பம் அவசரகாலத்தில் ராணுவத்தோடு காட்டுக்குள் வந்தது. மூன்றையும் ஒரே நாயிடம் எதிர்பார்க்கும் எண்ணம்தான் தாமதமாக வந்து சேர்ந்தது.

அந்த எண்ணம் பிறந்த இடம் ஜெர்மனி. 1899 ஏப்ரலில் மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஜெர்மன் ஷெப்பர்டுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். ஆட்டு மந்தைகள் குறைந்துகொண்டிருந்த காலம் அது. மேய்ப்பு நாய்க்கு வேறு வேலை கிடைக்காவிட்டால், அதன் புத்தியும் உழைப்பும் சில தலைமுறைகளில் மங்கி அழகு மட்டும் மிஞ்சும் என்று அவர் அஞ்சினார். 1901இல் முதல் ஷுட்ஸ்ஹுண்ட் தேர்வு நடந்தது. இனப்பெருக்கத்துக்கு எந்த நாய் தகுதியானது என்று அறிவதே அதன் நோக்கம்; விளையாட்டு என்ற முகம் பிறகு வந்தது. அதே 1899இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரக் காவல்துறை இரவு ரோந்துக்கு நாய்களைச் சேர்த்திருந்தது. சார்ப்ரூக்கனில் காவல் அதிகாரியாக இருந்த கோன்ராட் மோஸ்ட் 1906 முதல் நாய்களைப் பழக்கி, 1910இல் அந்த முறையை நூலாக எழுதினார். கட்டளை, வற்புறுத்தல், பாராட்டு என்ற அவருடைய வரிசை அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் காவல் நாய்ப் பயிற்சியை ஆண்டது.

மலாயாவுக்கு இந்த மரபு நேராக வரவில்லை. அல்சேஷன் என்று பெயர் மாற்றி அந்த நாயை ஏற்றுக்கொண்ட பிரிட்டன் வழியாக வந்தது. பிரிட்டனில் மேய்ப்பு, காவல், படை நாய்களுக்கான சங்கம் 1924இல் உருவாகி வேலைத் தேர்வுகளை நடத்தியது. ஆனாலும் காலனிக்குக் கப்பலேறியது பெரும்பாலும் கண்காட்சி வளையம்தான். 1925இல் மலாயா கென்னல் சங்கம் அமைந்தது. இனப் பதிவு, தோற்ற அழகு, கயிற்றோடு ஒழுங்காக நடப்பது, உட்காரச் சொன்னால் உட்காருவது ஆகியவை பட்டணத்து வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காக வேரூன்றின. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த வளையம் எட்டாத தூரம்.

லயத்துக்குத் தெரிந்த நாய்கள் இரண்டு வகை. ஒன்று லயத்திலேயே பிறந்து வளர்ந்த நாட்டு நாய். விடியுமுன் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகிறவர் பின்னாலேயே நிரைக்குள் போகும், மங்கு எடுத்துத் திரும்பும்போது கூடவே வரும். மற்றது மேட்டு பங்களாவில் துரை வளர்த்த சீமை நாய். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கி, சுங்கை சிப்புட், தைப்பிங், பத்து காஜா வட்டாரமெங்கும் தோட்டங்கள் விரிந்தபோது இந்த இரண்டு நாய்களும் ஒரே வேலிக்குள் இரண்டு உலகங்களில் வாழ்ந்தன. பங்களா நாய்க்கு முறையான பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. பகலில் கட்டிப் போட்டு இரவில் அவிழ்த்துவிட்டால் போதும், தெரியாத காலடிக்கெல்லாம் பாயும்.

இன்று ஈப்போவின் தாமான் வீடுகளில் ‘அவாஸ் அஞ்சிங்’ (நாய் ஜாக்கிரதை) பலகைக்குப் பின்னால் சங்கிலியில் நிற்கும் நாய் அந்தப் பழைய வழக்கத்தின் நேர் வாரிசு. பயிற்றுநர்கள் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்வார்கள்: சங்கிலியில் வளர்ந்த நாய் பெரும்பாலும் பயத்தில் கடிக்கிறது, போட்டி நாய் துரத்திப் பிடிக்கும் ஆசையில் பிடிக்கிறது. பயத்தில் கடிக்கும் நாய் முன்பற்களால் கொத்தி விலகும், பிறகு மறுபடி கொத்தும். ஆசையோடு பிடிக்கும் நாய் வாய் நிறையக் கவ்வி அமைதியாக நிற்கும். நடுவர் மதிப்பெண் தருவது இந்த இரண்டாவது பிடிக்கு.

மோப்பத்தின் கதை ரத்தத்தில் தொடங்குகிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி காலை சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்தில் ஒரு துரையும், சற்று நேரத்தில் அருகிலுள்ள பின் சூன் தோட்டத்தில் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓரிரு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனமானது. அது 1960 வரை நீடித்தது. காட்டோரத் தோட்டங்களின் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் மறைந்த காட்டுக்குள் கண்ணை நம்பிப் பயனில்லாதபோது படை இரண்டு வழிகளைத் தேடியது. ஒன்று, சரவாக்கிலிருந்து வரவழைத்த இபான் பழங்குடித் தடமறிவோர். மற்றது, நாய்.

ஜொகூரில் பிரிட்டிஷ் படை நடத்திய பயிற்சி முகாமில் நாய்கள் இரண்டு வேலைக்குப் பிரிக்கப்பட்டன. ரோந்து நாய் காற்றில் வரும் மனித வாடையைப் பிடித்து, பதுங்கியிருப்பவர்களைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கும். தட நாய் தரையில் மூக்கை வைத்துப் போனவரின் பின்னால் போகும்; அந்த வேலையில் லாப்ரடோர் நல்ல பெயர் எடுத்தது. மலாயாக் காடு இரண்டுக்குமே கொடுமையான இடம். மத்தியான மழை தடத்தைக் கழுவிவிடும். தப்பி ஓடுகிறவர் ஆற்றில் இறங்கி நடந்தால் தடம் அறுந்துபோகும். வெக்கையில் வாய்திறந்து இளைக்கும் நாயால் மூக்கைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. இந்த நிலத்தில் 1949 முதல் 1952 வரை உழைத்த பாபி, ஜாஸ்பர், லாஸ்ஸி, லக்கி என்ற நான்கு விமானப்படைக் காவல் நாய்களில் லக்கி மட்டுமே உயிரோடு திரும்பியது. அந்தக் குழுவின் சேவைக்காக 2007 பிப்ரவரியில் லக்கியின் பெயரில், விலங்குகளின் வீரத்துக்கான டிக்கின் பதக்கம் வழங்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து வந்த மரியாதை என்றாலும், இந்தக் காட்டில் நாய்கள் செய்த வேலைக்கு அது ஓர் எழுத்துச் சான்று.

காட்டு அறிவு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1956இல் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி வீரர்களைக் கொண்டு செனோய் பிராக் படை உருவானது. பிற்காலத்தில் அதன் தளங்களில் ஒன்று பேராக்கின் பீடோரில் அமைந்தது. ஒடிந்த குச்சியையும் புரண்ட இலையையும் கண்ணால் வாசிக்கும் அவர்களின் திறனை எந்த நாயாலும் ஈடுகட்ட முடியாது. ஒராங் அஸ்லி கிராமங்களில் வேட்டை நாய்களும் இருந்தன. தெலோம் ஆற்றுப் பகுதியிலிருந்து 1963இல் ஒரு ஜோடி அமெரிக்காவுக்குப் போய் தெலோமியன் என்ற பெயரில் தனி இனமாகப் பேசப்பட்டது. உள்ளூரில் அந்த நாயைப் பொருட்படுத்தியவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமான செய்தி.

மனிதத் தடமறிவோரையும் நாயையும் ஒரே குழுவாக்கும் முறை மலாயாவில்தான் முதிர்ந்தது. வியட்நாம் போருக்கென அமெரிக்கப் படையினரே 1966 வாக்கில் ஜொகூரின் காட்டுப்போர்ப் பள்ளிக்கு வந்து அதைக் கற்றுப்போனார்கள். ஆனால் இந்த அறிவெல்லாம் சீருடைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஈப்போ அருகே காவல் படையினரின் உலு கிந்தா முகாமின் வேலிக்கு வெளியே, ஈப்போவில் நாய் வளர்த்த ஒரு குமாஸ்தாவுக்கோ லாரி ஓட்டுநருக்கோ அது எட்டவில்லை.

போட்டித் தடமும் காட்டுத் தடமும் ஒன்றல்ல. காட்டில் ஆளைக் கண்டுபிடித்தால் போதும், நாய் எப்படிப் போனது என்று யாரும் கேட்கமாட்டார்கள். போட்டியில் எப்படிப் போனது என்பதே கேள்வி. ஐஜிபி மூன்றாம் நிலையில் முன்பின் தெரியாத ஒருவர் 600 காலடி தூரம் நடந்து, நான்கு இடங்களில் திரும்பி, மூன்று சிறு பொருள்களைப் போட்டுவிட்டுப் போவார். ஒரு மணி நேரம் கழித்து, பத்து மீட்டர் கயிற்றின் நுனியில் ஆள் பின்தொடர, நாய் ஒவ்வொரு காலடியிலும் மூக்கை வைத்து நிதானமாகப் போக வேண்டும். பொருள் கிடைத்ததும் அதைக் காட்ட வேண்டும்; பெரும்பாலும் நாய்கள் படுத்துக் காட்டும். திருப்பத்தில் தலையைத் தூக்கிச் சுற்றினால் மதிப்பெண் போகும். பழக்கும்போது முதலில் ஒவ்வொரு காலடிக்குள்ளும் ஒரு துண்டு இறைச்சி வைப்பார்கள். தீனி மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் தடமே நாய்க்குப் போதுமானதாகிவிடும்.

பேராக்கில் இதைச் செய்வதற்கு நேரமும் நிலமும் பார்க்க வேண்டும். பனி உலராத விடிகாலைதான் நேரம். வெயில் ஏறிவிட்டால் ஈரமும் வாடையும் போய்விடும். நிலத்தைப் பொறுத்தவரை பழைய ரப்பர்க் காடு நல்ல களம்: சருகு மூடிய சமதளம், நிழல், நேரான நிரைகள். அந்தக் காடுகள் பெருமளவு செம்பனையாகிவிட்டன. செம்பனை நிரைகளுக்கு நடுவே முள்மட்டை அடுக்கிக் கிடக்கும். எலிக்காக வைத்த விஷ உருண்டையை நாய் விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. எலி இருக்குமிடத்தில் நாகமும் இருக்கும். தோட்டத்தில் தடம் போட நினைக்கிறவர் முந்தைய நாளே நடந்து பார்த்துவிட வேண்டும்.

தோட்டங்கள் மாறியபோது மனிதர்களும் இடம்பெயர்ந்தார்கள். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது பலரைக் காத்தது. எல்லாரையும் காக்க முடியவில்லை. பட்டணத்துக்கு வந்தவர்களில் பலர் தொழிற்சாலை வாசலில் ஜாகா எனும் காவலாளி வேலையில் சேர்ந்தார்கள். 1971இன் தனியார் முகவாண்மைச் சட்டம் காவல் நிறுவனங்களுக்கு உரிமம் கொண்டுவந்தது. ஜாகாவுக்குத் துணையாக நாய் நின்ற இடங்களிலும் குரைத்து விரட்டுவதே அதன் வேலை. பங்களா வழக்கம் அப்படியே தொழிற்சாலைக்கு வந்தது.

நாய்களுக்கான சட்டச் சூழலும் இதற்கிடையில் இறுகியது. 1952இல் கோலாலம்பூரில் வெறிநோய் பரவியபோது கட்டாயத் தடுப்பூசியும் தெருநாய் அழிப்பும் சேர்ந்து இரண்டே ஆண்டுகளில் நோயை அடக்கின. அதன்பின் தாய்லாந்து எல்லையை ஒட்டி, பேராக்கின் வடபகுதி உட்பட, தடுப்பூசி வளையம் ஒன்று பராமரிக்கப்பட்டது. 2015இல் வட மாநிலங்களில் நோய் திரும்பியது. ஆபத்தான இனங்கள் என்ற பேச்சும் வலுத்தது. சில இனங்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு, மலினோய் அடங்கிய பெல்ஜியன் ஷெப்பர்டு, டாபர்மன், ராட்வைலர் ஆகியவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. இந்தப் போட்டியில் அதிகம் இறங்கும் இனங்களும் இவைதாம். இனத்தின் பெயரைப் பார்க்கும் சட்டம் நாயின் பயிற்சியைப் பார்க்காதது ஒரு குறை. ஆனால் பயிற்சியை அளந்து காட்டும் பொதுவான தேர்வு பரவலாகப் பழக்கத்தில் இல்லாத நாட்டில் சட்டம் வேறு எதைப் பிடித்துக்கொள்ளும்?

பயிற்சி முறையும் இதற்குள் வெகுவாக மாறிவிட்டது. 1981இல் ஹெல்முட் ரைசர் எழுதிய ஷுட்ஸ்ஹுண்ட் நூல் நாயின் உந்துதல்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்தது. இன்று குட்டி, கயிற்றில் கட்டி இழுக்கும் துணிக்கந்தையில் தொடங்குகிறது. கந்தை ஓடினால் துரத்தும், பிடித்தால் வெற்றி அதற்கே. பிறகு மென்மையான உறை, அதன்பின் கெட்டியான சணல் உறை. விடச் சொல்லிப் பழக்குவதிலும் பழைய அடி உதை குறைந்திருக்கிறது; விட்டால்தான் அடுத்த ஆட்டம் தொடங்கும் என்று நாய்க்குப் புரியவைக்கிறார்கள். இதில் எல்லாம் எதிராளியாக நடிப்பவரின் கையில் இருக்கிறது. அவர் எப்போது அசைவது, எப்போது உறைவது என்பதில் அரை நொடி பிசகினாலும் நாய் தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ளும். காணொளி பார்த்துவிட்டு வீட்டுக் கொல்லையில் பக்கத்து வீட்டுப் பையன் கையில் சாக்கைச் சுற்றி நாயை ஏவுவது பயிற்சியே அல்ல. அது அந்தப் பையனுக்கும் ஆபத்து, நாய்க்கும் கேடு.

மலேசியாவில் இடமும் ஒரு கேள்வி. நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி கழுவ வேண்டும் என்ற நெறியைக் கடைப்பிடிக்கும் முஸ்லிம் அண்டை வீட்டார் பலர் உள்ள நாட்டில், பொதுத் திடலில் நாயை அவிழ்த்துவிடுவது முறையாகாது. ஈப்போவைச் சுற்றிக் கைவிடப்பட்ட ஈய லம்பத்து மணல்வெளிகளும் தோட்டத்து ஓரங்களும், உரிமையாளரின் அனுமதி கிடைத்தால், அதற்குப் பொருத்தமானவை.

பேராக்கில் யாராவது தொடங்குவதென்றால் உறையும் கடியும் கடைசியில் வரலாம். ஐஜிபி முதல் நிலைக்குள் நுழைய நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். அதற்கும் முன்னதாக பிஎச் என்ற துணை நாய்த் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வுக்கு நாய்க்கு 15 மாதம் ஆகியிருந்தால் போதும். அதில் கடி கிடையாது, உறை கிடையாது. கயிற்றோடும் கயிறில்லாமலும் நடப்பது முதல் பாதி. இரண்டாம் பாதி தெருவில் நடக்கும்: சைக்கிள் உரசிப் போகும், ஒருவர் ஓடி வருவார், கூட்டத்துக்குள் நுழைந்து வெளிவர வேண்டும், உரிமையாளர் மறைந்து நிற்கும்போது தனியே கட்டிய நாய் பதறாமல் இருக்க வேண்டும். இதற்கு ஜெர்மனியிலிருந்து சாமான் எதையும் தருவிக்க வேண்டியதில்லை. ஈப்போ புந்தோங்கின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் பொறுமையான இரண்டு நண்பர்களும் போதும்.