நயம் எழுதிய கொப்பி

நாவலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாட்டைச் சிறுவயதிலிருந்தே பாடித்திரிந்தோம். எட்டாம் வகுப்பில் அதற்கு நயம் எழுதச் சொன்னார் ரீச்சர். பதவுரையும் பொழிப்பும் மனனம் செய்தே பழகிய எமக்குத் திகைப்பு. மையக்கருத்து, சொல்லாட்சி, ஓசை, அணி எனத் தலைப்புகள் இட்டு, அக்காவின் கொப்பியைப் பார்த்து எழுதினேன்.

"இதில் உன்ர சொல் எங்கே பிள்ளை?" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் மீண்டும் எழுதினேன். பாட்டில் வரும் கூழுக்கு, அம்மம்மா பலாவிலை கோலித் தந்த கூழின் சூட்டைச் சொன்னேன். "இதுதான் நயம்" என்றார்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அக்கொப்பி வீட்டோடு போயிற்று. கடல்கடந்து வாழும் தோழியருடன் கதைக்கும்போது, ரீச்சரின் அந்தக் கேள்விதான் இன்றும் முதலில் வருகிறது.