ஆவணகர் வேலை எங்கே தொடங்குது?

"ஆவணகரா? அதுக்குப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?" இந்தத் துறை பற்றி வாய் திறந்தாலே வீட்டில வருகிற கேள்வி இது. கேள்வியில் பிழையில்லை. ஆனால் எங்கட ஊரில் இந்த வேலை பெரும்பாலும் நியமனக் கடிதத்தோடு தொடங்கவில்லை.

1933இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம், 1934 ஓகஸ்டில், அது ஒரு வாடகை அறைக்கு வந்தது. அப்போது இருந்தவை 844 புத்தகங்களும் முப்பதளவு பத்திரிகை, சஞ்சிகைகளும்தான். அந்த அறைதான் பின்னாளில் யாழ்ப்பாணப் பொது நூலகமானது.

1981 யூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவில் அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்கிறோம். ஆனால் எல்லா இழப்பும் ஒன்றல்ல. அச்சுப் புத்தகத்துக்கு வேறெங்காவது ஒரு பிரதி கிடைக்கலாம். படியெடுக்காத ஏட்டுச்சுவடியோ கையெழுத்துப் பிரதியோ எரிந்தால் எரிந்ததுதான். ஆவணகரின் முதல் பாடம் இதிலேயே இருக்கு: ஒரே இடத்தில் மட்டும் இருக்கிற ஆவணம் பாதி தொலைந்த ஆவணம்.

குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்திரிகை நறுக்குகளைப் பல வருடங்களாகச் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்காமல் நுண்படச் சுருள்களாகவும் ஆக்கினார். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், தன்னார்வலர்களின் உழைப்பில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் பண்ணி எல்லாருக்கும் திறந்துவிட்டது.

ஆனால் ஸ்கான் பண்ணினால் வேலை முடிஞ்சுது எண்டு நினைக்கக்கூடாது. யார் எழுதியது, எப்போது, எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது என்று குறித்து வைக்காத படம், பெயர் தெரியாத முகம் மாதிரி. வந்த ஒழுங்கையும் குலைக்கக்கூடாது. எந்தக் கடிதம் எந்தக் கட்டில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான்.

பட்டமும் பயிற்சியும் கட்டாயம் தேவை, சம்பளமும் தேவை. அவற்றைத் தேடிக்கொண்டே இன்றைக்குத் தொடங்கலாம். அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய படமொன்றை எடுத்து, "இதில நிக்கிறது ஆர்?" எண்டு கேளுங்கோ. அவ சொல்லுறதைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கோ. படத்தை நாளைக்கும் ஸ்கான் பண்ணலாம். அந்தப் பெயரைச் சொல்ல நாளைக்கும் ஆள் இருக்குமோ தெரியாது.