கோட்டைத் தாண்டினால் வேறு சட்டம்

1903-ம் வருடம், மே மாதம். சான் ஃபிரான்சிஸ்கோவில் பெரிய மனிதர்கள் கூடுகிற ஒரு கிளப். கார் என்பது பணக்காரர்களின் பொம்மை, அதை நம்பி ஊர் விட்டு ஊர் போக முடியாது என்று யாரோ சொல்லப்போக, ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்கிற 31 வயது டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. நியூ யார்க் வரைக்கும் ஓட்டிக் காட்டட்டுமா? பந்தயம் 50 டாலர்.

பிரமாதம். ஒரே ஒரு சிக்கல்தான். டாக்டரிடம் சொந்தமாகக் கார் கிடையாது. ஓட்டிய அனுபவமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

அதனாலென்ன? ஒரு பழைய விண்டன் காரை வாங்கினார். சீவால் க்ராக்கர் என்கிற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டார். மே 23-ம் தேதி கிளம்பிவிட்டார். வழியில் இடாஹோவில் 15 டாலர் கொடுத்து ஒரு நாயை வாங்கி, தூசு படாமல் இருக்க அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டி உட்காரவைத்துக்கொண்டார். ஜூலை 26-ம் தேதி நியூ யார்க். மொத்தம் 63 நாள். காரில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த முதல் மனிதர். 50 டாலர் பந்தயத்துக்கு அவர் செலவழித்தது சுமார் 8 ஆயிரம் டாலர்!

போன வழியில் பல இடங்களில் சாலையே இல்லை. அப்புறம் சாலை விதிக்கு எங்கே போவது? ஆனால், சொந்த ஊரான வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனுக்குத் திரும்பிய பிறகு இதே ஜாக்சனை போலீஸ் பிடித்தது. குற்றம்? அதிவேகம். ஊருக்குள் மணிக்கு 6 மைலுக்கு மேல் போகக்கூடாதாம். அதாவது சுமார் 10 கிலோமீட்டர். தேசத்தையே தாண்டி வந்தவர், வீட்டு வாசலில் அபராதம் கட்டினார்.

சிரிக்கலாம். ஆனால், அமெரிக்கச் சாலைகளின் அடுத்த நூறு வருடக் கதை முழுக்க இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. கார் தேசம் முழுக்க ஓடும். சட்டம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

ஏன் அப்படி?

அமெரிக்கா என்பது முதலில் மாநிலங்கள், அப்புறம்தான் தேசம். பதிமூன்று மாநிலங்கள் தனித்தனியாக இருந்து, யோசித்து, பேரம் பேசி ஒன்றாகச் சேர்ந்த நாடு. இன்னின்ன அதிகாரம் மத்திய அரசுக்கு என்று அரசியல் சட்டத்தில் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இல்லாதது எல்லாம் மாநிலத்துக்கு. அந்தப் பட்டியலில் போக்குவரத்து போலீஸ் வேலை கிடையாது. எப்படி இருக்கும்? எழுதப்பட்டது 1787-ல். அன்றைக்குச் சாலையில் ஓடியது குதிரை.

ஆகவே ஆளாளுக்கு எழுதத் தொடங்கினார்கள். 1901-ல் கனெக்டிகட் முதல் மாநில வேகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நகரத்துக்குள் 12 மைல், வெளியே 15 மைல். அதே வருடம் நியூ யார்க், காரைப் பதிவு செய்தாக வேண்டும் என்றது. 1903-ல் மாசசூசெட்ஸும் மிசௌரியும் ஓட்டுநருக்கு லைசென்ஸ் என்றன. தெற்கு டகோட்டாவோ, ஓட்டத் தெரிகிறதா என்று பரீட்சை வைக்கவே 1959 வரைக்கும் எடுத்துக்கொண்டது.

எல்லையைத் தாண்டுகிறவன் பாடுதான் திண்டாட்டம். வாஷிங்டனில் வசித்த ஒருவர் 1910-ல் தன் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மேரிலாண்டுக்குப் போனார். பக்கம் என்றால் அடுத்த தெரு மாதிரி. எங்கள் மாநிலத்தில் பதிவு செய்தாயா என்று கேட்டு அபராதம் போட்டார்கள். மனிதர் விடவில்லை. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1915-ல் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு தனியாக ஒரு சட்டம் போடாத வரைக்கும், வெளியூர்க் காரிடமும் பதிவும் கட்டணமும் கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. தோற்றுப்போனார்.

1924-ல் வணிகத் துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு மாநாடு நடத்தினார். 1926-ல் ஒரு மாதிரிச் சட்டம் தயாரானது. கவனியுங்கள், மாதிரிச் சட்டம். சிபாரிசுதான். பிடித்தால் எடுத்துக்கொள், பிடிக்காவிட்டால் விடு. அதே 1926-ல்தான் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நம்பர் கொடுத்தார்கள். சிகாகோவில் தொடங்கி லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் போய்ச் சேர்கிற புகழ்பெற்ற 66-ம் நம்பர் சாலை அப்போது பிறந்ததுதான். எட்டு மாநிலங்கள் வழியாகப் போகும். கான்ஸாஸுக்குள் அதன் நீளம் வெறும் 13 மைல். அந்த 13 மைலுக்கும் கான்ஸாஸ் சட்டம்தான். நம்பர் ஒன்று, சட்டம் எட்டு.

இதுவரை சொன்னதெல்லாம் அபராதத்தோடு போகிற விஷயம். எல்லாருக்கும் அப்படி இல்லை.

1944-ம் வருடம், ஜூலை. ஐரீன் மார்கன் என்கிற கறுப்பினப் பெண் வர்ஜீனியாவிலிருந்து மேரிலாண்டின் பால்டிமோருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லாதவர். வர்ஜீனியா சட்டப்படி வெள்ளைக்காரர் வந்தால் கறுப்பர் எழுந்து பின்னால் போகவேண்டும். எழுந்திரு என்றார் டிரைவர். முடியாது என்றார் ஐரீன். கைது உத்தரவோடு போலீஸ் அதிகாரி வந்தார். அந்தக் காகிதத்தை வாங்கி, கிழித்து, ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஐரீன் தரப்பு வக்கீல்களில் ஒருவர், பின்னாளில் அதே கோர்ட்டில் நீதிபதியான துர்குட் மார்ஷல். 1946-ல் ஐரீன் ஜெயித்தார். எந்த அடிப்படையில் தெரியுமா? சமத்துவம்? மனித உரிமை? ம்ஹூம். வியாபாரம்!

மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்தை ஒழுங்குபடுத்துவது மத்திய அரசின் வேலை என்று அந்தப் பழைய பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. பஸ் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகிறது. ஒவ்வொரு எல்லையிலும் யார் எங்கே உட்காருவது என்று மாற்றிக்கொண்டே இருந்தால் போக்குவரத்து என்னத்துக்கு ஆகும்? ஆகவே மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்ஸில் வர்ஜீனியா சட்டம் செல்லாது. அவ்வளவுதான் தீர்ப்பு. ஒரு மனுஷியை எழுப்பியது அநியாயம் என்று அதில் சொல்லப்படவில்லை. பயணத்துக்கு இடைஞ்சல் என்றுதான் சொல்லப்பட்டது. அதையும்கூடத் தென் மாநிலங்கள் வருடக்கணக்கில் சட்டை செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

சொந்தக் காரில் போனால் தப்பித்துவிடலாமா? ராத்திரி எங்கே தங்குவது? எந்த ஹோட்டலில் சாப்பாடு போடுவார்கள்? பொழுது சாய்ந்த பிறகு கறுப்பர்கள் இருக்கக்கூடாது என்று விரட்டுகிற ஊர்கள் உண்டு. நியூ யார்க் ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்கிற தபால்காரர், கறுப்பினப் பயணிகளை ஏற்றுக்கொள்கிற விடுதி, ஹோட்டல், பெட்ரோல் பங்க் விவரங்களைத் திரட்டி 1936-ல் ஒரு கையேடு போட்டார். 'கிரீன் புக்'. மற்றவர்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு சுற்றுலா கிளம்பினார்கள். இவர்கள் அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 1960-களின் மத்திவரை அது வந்துகொண்டிருந்தது.

1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. யாருக்கும் அறை இல்லை என்று சொல்லக்கூடாது. அட்லாண்டாவில் ஒரு மோட்டல் முதலாளி கோர்ட்டுக்குப் போனார். என் மோட்டல், என் இஷ்டம். சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? உன் மோட்டல் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளி மாநிலத்தார். ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகம். திற கதவை!

மறுபடியும் வியாபாரம்.

வியாபாரம் ஒரு சாவி. வாஷிங்டனிடம் இன்னொரு சாவியும் இருந்தது. காசு.

1919-ல் அமெரிக்க ராணுவம் சுமார் 80 வாகனங்களோடு வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. மண்ணும் சேறும் உடைந்த பாலங்களுமாக 62 நாள். நம் டாக்டருக்கு 63. பதினாறு வருட முன்னேற்றம் ஒரே ஒரு நாள்! அந்த அணியில் ஐசன்ஹோவர் என்று ஓர் இளம் அதிகாரி இருந்தார். 1956-ல் ஜனாதிபதியாக இருந்தபோது நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 41 ஆயிரம் மைல் சாலை. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. பெட்ரோல் வரியிலிருந்து பணம்.

நூற்றுக்குத் தொண்ணூறு தருகிறேன் என்றால் எந்த மாநிலம் வேண்டாம் என்று சொல்லும்? எல்லாரும் கை நீட்டினார்கள். நீட்டிய கையில் கயிறு விழுந்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974 ஜனவரி 2-ம் தேதி நிக்ஸன் கையெழுத்துப் போட்டார். நாடு முழுக்க வேக வரம்பு 55 மைல். உத்தரவு போட அதிகாரம் கிடையாதே? போடவில்லை. 55-க்கு மேல் அனுமதிக்கிற மாநிலத்துக்குச் சாலைப் பணம் கிடையாது என்றார்கள். போதாதா? ஐம்பது மாநிலங்களும் பணிந்தன.

பணிந்த விதத்தையும் பாருங்கள். மான்டானாவில் அதுவரை பகலில் வேக வரம்பே கிடையாது. பணம் வேண்டும் என்பதற்காக 55 என்று போர்டு வைத்தார்கள். மீறினால்? 5 டாலர். குற்றம் அதிவேகம் அல்ல, எரிபொருளை வீணாக்கியது! 1995-ல் தேசிய வரம்பு நீங்கியதும், பகலில் நியாயமான வேகத்தில் போகலாம் என்கிற பழைய விதிக்கே திரும்பினார்கள். 85 மைலில் போன ஒருவரைப் பிடித்தார்கள். அப்படியென்றால் நியாயமான வேகம் எவ்வளவு? பிடித்த அதிகாரியும் சொல்லவில்லை, அரசாங்கத்துக்கும் சொல்லத் தெரியவில்லை. இது சட்டமே இல்லை என்று 1998-ல் மான்டானா சுப்ரீம் கோர்ட் தூக்கிப் போட்டது. மறு வருடம் ஒழுங்காக எண் போட்டு எழுதினார்கள்.

அடுத்தது குடி. 1970-களில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதைக் குறைத்தன. இல்லினாய் 1980-ல் மறுபடி 21 ஆக்கியது. பக்கத்து விஸ்கான்ஸினில் 18. என்ன ஆகும்? ஒரு கோட்டைத் தாண்டினால் பீர். போகும்போது நிதானம். திரும்பும்போது? இம்மாதிரி எல்லைகளுக்கு அன்றைக்கு வைத்த பெயரே ரத்த எல்லை.

குடித்துவிட்டு ஓட்டிய ஒருவனுக்குத் தன் 13 வயது மகளைப் பறிகொடுத்த கேண்டஸ் லைட்னர், 1980-ல் ஒரு தாய்மார் இயக்கத்தைத் தொடங்கினார். மாநில உரிமைக் கட்சிக்காரரான ரீகன் முதலில் தயங்கினார். 1984-ல் கையெழுத்துப் போட்டார். 21-க்குக் கீழே உள்ளவர்கள் மதுவை வாங்க அனுமதிக்கிற மாநிலத்துக்குச் சாலைப் பணத்தில் 5 சதவீதம் வெட்டு. அடுத்த வருடம் 10. தெற்கு டகோட்டா வழக்குப் போட்டுப் பார்த்தது. 1987-ல் தோற்றது. இது கட்டாயம் இல்லை, லேசான ஊக்கம்தான் என்றது கோர்ட். 1988-ல் வயோமிங்கும் பணிந்தது. எல்லைகள் எல்லாம் அடங்கின. வருடத்துக்குப் பல நூறு உயிர்கள் பிழைத்ததாக அரசின் கணக்கு.

கயிறு அறுந்தால் என்ன ஆகும்? அதற்கும் சாட்சி இருக்கிறது. ஹெல்மெட். 1966-ல் இதே மாதிரி பணத்தைக் காட்டி மிரட்டியதில், 1975-க்குள் 47 மாநிலங்கள் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கின. 1976-ல் காங்கிரஸ் அந்த மிரட்டலைக் கைவிட்டது. அடுத்த நாலைந்து வருடத்துக்குள் சுமார் பாதி மாநிலங்கள் சட்டத்தை எடுத்துவிட்டன அல்லது நீர்த்துப்போகச் செய்தன. பைக் விபத்தில் சாகிறவர்கள் எண்ணிக்கை ஏறியது. இன்றைக்கு 20-க்கும் குறைவான மாநிலங்களில்தான் எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

சட்டம் நல்லது என்று நம்பி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர், பணத்துக்காக வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அந்த நாலைந்து வருடத்தில் தெரிந்துபோனது.

இன்றும் நீங்கள் அமெரிக்காவில் காரெடுத்துக்கொண்டு கிளம்பினால் இதையெல்லாம் பார்க்கலாம். டெக்ஸாஸில் ஆஸ்டினுக்குத் தெற்கே ஒரு கட்டணச் சாலையில் 85 மைல் போகலாம். ஹவாயில் 60-ஐத் தாண்டக்கூடாது. சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்ப நாடெங்கும் அனுமதி. நியூ யார்க் நகரத்தில் திரும்பினால் அபராதம். நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்கள் சீட் பெல்ட் போடவேண்டும் என்கிற சட்டமே இல்லை. அந்த மாநிலத்தின் நம்பர் பிளேட்டில் எழுதியிருக்கிற வாசகம், 'சுதந்திரமாக வாழ், அல்லது செத்துப்போ.'

மாநில சுயாட்சி நல்ல விஷயம்தான். எங்கள் ஊர்ச் சாலைக்கு எவ்வளவு வேகம் என்று எங்களுக்குத்தான் தெரியும் என்று மான்டானாக்காரன் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால், அதே வார்த்தையைத்தான் வர்ஜீனியாவும் சொன்னது. எங்கள் ஊர் பஸ்ஸில் யார் எங்கே உட்காருவது என்று எங்களுக்குத் தெரியும். ஒரே உரிமைதான். ஒருவருக்கு 5 டாலர் அபராதம், இன்னொருவருக்கு ஜெயில்.

வேகத்துக்கு மாநிலத்துக்கு ஒரு சட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். மனிதனுக்கு மரியாதை மாநிலத்துக்கு மாநிலம் மாறலாமா? வியாபாரம் கெடும் என்று சொல்லித்தான் ஐரீன் மார்கனுக்கு அந்த சீட்டை வாங்கிக் கொடுக்க முடிந்தது. வாங்கிக் கொடுத்தார்களே என்று சந்தோஷப்படலாம். அவர் எழுந்திருக்க மறுத்தது வியாபாரத்துக்காக இல்லை.