குடியிருக்கக் கூடாத வீடு

லாஃப்ட் என்றால் நமக்குப் பரண். கொலுப் பொம்மைப் பெட்டியும், யாரும் இறக்காத பித்தளை அண்டாவும் கிடக்கிற இடம். நியூயார்க்கின் சோஹோவில் லாஃப்ட் என்றால் கட்டடத்தின் ஒரு முழுத் தளம். வழக்கமான அளவு 25 அடி அகலம், 100 அடி நீளம். குறுக்குச் சுவரே கிடையாது. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். இன்று அப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால் விலையை மில்லியன்களில்தான் சொல்வார்கள். உயர்ந்த கூரை, வார்ப்பிரும்புத் தூண்கள், ஆளுயர ஜன்னல்கள், கலைஞர்கள் வாழ்ந்த தெரு என்று விளம்பரம் நீளும். சில விளம்பரங்களின் அடியில் மட்டும் ஒரு சின்ன வரி இருக்கும்: இங்கே குடியிருக்க நகராட்சியின் கலைஞர் சான்றிதழ் தேவை.

கோடிகள் கொடுத்து வாங்குகிறவர் எதற்கு ஓவியராக இருக்க வேண்டும்?

அந்தக் கட்டடங்கள் மனிதர்கள் வாழக் கட்டியவை அல்ல. பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த கிடங்குகள், கடைகள், தையல் பட்டறைகள். முகப்பை வார்ப்பாலையில் துண்டு துண்டாக வார்த்து, கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். பாரத்தை இரும்புத் தூண் தாங்கியதால் கனத்த சுவர் தேவைப்படவில்லை, ஜன்னலைப் பெரிதாக்க முடிந்தது. மின்விளக்கு இல்லாத காலத்தில் துணியின் நிறம் பார்க்க அந்த வெளிச்சம்தான். இன்று 'இயற்கை ஒளி' என்று விற்கப்படுவது அதுவேதான்.

1950களில் அங்கே சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள் மிஞ்சியிருந்தன. கந்தலும் காகிதமும் அடைந்த தளங்கள் அடிக்கடி தீப்பிடித்ததால் தீயணைப்புத் துறையினர் அந்த வட்டாரத்துக்கு 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்று பெயர் வைத்தார்கள். போதாக்குறைக்கு, புரூம் தெரு வழியாகப் பெரிய விரைவுச்சாலை போட வேண்டும் என்று ராபர்ட் மோசஸ் வருஷக்கணக்காக விடாமல் நின்றார். இடியப்போகிற கட்டடத்துக்கு யார் கடன் கொடுப்பார்கள்? வாடகை தரைமட்டத்தில் கிடந்தது.

ஓவியர்கள் வந்தது அதனால்தான். பெரிய கேன்வாஸுக்குப் பெரிய சுவர் வேண்டும், கையில் காசு இல்லை. குடியிருப்பது சட்டவிரோதம் என்பதால் இரவில் வெளிச்சம் கசியாமல் திரை போட்டார்கள், ஆய்வாளர் வந்தால் கட்டிலை மறைத்தார்கள். 1961இல் நகராட்சியோடு ஓர் உடன்பாடு வந்தது. கட்டட வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' என்ற எழுத்துகளும் தளத்தின் எண்ணும் போட்ட பலகை. 'இங்கே கலைஞர் வசிக்கிறார்' என்பதன் சுருக்கம். பெருமைக்காக மாட்டியதல்ல. தீப்பிடித்தால் மேலே ஆள் இருக்கிறார்கள் என்று தீயணைப்பு வீரருக்குத் தெரியணும், அவ்ளோதான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஜார்ஜ் மசியூனஸ். லிதுவேனியாவில் பிறந்தவர், ஃப்ளக்ஸஸ் என்ற கலை இயக்கத்தை நடத்தியவர். 1967இல் வூஸ்டர் தெரு 80ஆம் எண் கட்டடத்தைக் கலைஞர்களின் கூட்டுறவாக்கினார். அடுத்தடுத்து இன்னும் பல. காகித வேலைகளில் மனுஷன் சுத்தமாக அக்கறை காட்டவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் துரத்தியபோது, தன் கதவில் கில்லட்டின் கத்திகளைப் பொருத்திக்கொண்டு அதையும் ஒரு கலைப்படைப்பாக்கினார். 1975இல் பணத் தகராறு ஒன்றில் அடியாட்கள் தாக்கி ஒரு கண் போனது. 1978இல் இறந்தார்.

விரைவுச்சாலைத் திட்டம் 1969இல் செத்தது. 1971இல், சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் மட்டும் அங்கே வாழலாம் என்று சட்டம் வந்தது. 1973இல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதி என்ற அந்தஸ்து. அப்புறமென்ன, சட்டபூர்வமானதும் விலை ஏறியது. வக்கீல்களும் பங்குச்சந்தைக்காரர்களும் வந்தார்கள். சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒருவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1963இல் செஸ்டர் ராப்கின் என்ற நகரத் திட்ட ஆய்வாளர் நகராட்சிக்காக ஓர் அறிக்கை எழுதினார். இந்தப் பட்டறைகள் குப்பை அல்ல, இவற்றை நம்பிப் பிழைப்பவர்களில் பெரும்பகுதியினர் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் கறுப்பினத்தவரும், இடித்தால் அவர்களுக்கு வேறு வேலை கிடைப்பது கஷ்டம் என்பது அவர் வாதம். தளங்களை இடித்துக் குடியிருப்பு கட்டும் யோசனை நின்றுபோனதற்கு அந்த அறிக்கை முக்கியக் காரணம். ஆக, கட்டடங்கள் பிழைத்தது தையல் மெஷின்களின் பெயரால். பிறகு அந்தத் தொழிலாளர்களும் வெளியேறினார்கள். அவர்கள் நினைவாக எந்த விளம்பரமும் ஒரு சொல் சேர்ப்பதில்லை. ஷரோன் ஸூகின் 1982இல் எழுதிய 'லாஃப்ட் லிவிங்' புத்தகம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

2021இல் நகராட்சி விதியை மாற்றியது. கலை நிதிக்குச் சதுர அடிக்கு 100 டாலர் கட்டினால் கலைஞர் குடியிருப்பைச் சாதாரண வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போது விதித்தது. பழைய குடியிருப்பாளர்கள் கொதித்துப்போனார்கள், விஷயம் கோர்ட்டுக்கும் போனது. 2,500 சதுர அடிக்கு 2,50,000 டாலர். சிற்பி டொனால்ட் ஜட் 1968இல் ஸ்பிரிங் தெரு முனையில் 5 மாடி இரும்புக் கட்டடம் ஒன்றை முழுசாக வாங்கினார். 70,000 டாலர்கூட ஆகவில்லை.