ஒரு வசவும் ஒரு சிட்டிகை உப்பும்

பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு 'க்ரெத்தேன்' என்ற வசவு மறந்திருக்காது. கணக்கு தப்பினால், வினைச்சொல்லின் விகுதி பிசகினால், வாத்தியார் வாயிலிருந்து அது வந்து விழும். கோபம் முற்றினால் 'ஆல்ப்ஸ் மலை க்ரெத்தேன்' என்று நீளும். மடையன் என்று பொருள் செய்துகொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்போம். மடத்தனத்துக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் கடற்கரை நடைக் கூட்டத்தில் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நாலைந்து பேராவது இருக்கிறார்கள். அந்த மாத்திரையின் வரலாறும் இந்த வசவின் வரலாறும் ஒன்றுதான்.

ஆல்ப்ஸ் மலையின் உள்பள்ளத்தாக்குகளில் பலருக்குக் கழுத்தில் கழலை தொங்கியது. சில கிராமங்களில் அது இல்லாதவர்கள்தான் குறைவு. அதைவிடக் கொடுமை, அங்கே பிறந்த குழந்தைகளில் சிலர் வளராமல் நின்றுவிட்டார்கள். குள்ளமான உடல், தடித்த நாக்கு, காது கேளாமை, பேச்சின்மை, மந்தமான அறிவு. இவர்களைத்தான் 'க்ரெத்தேன்' என்றார்கள். தீதெரோவின் கலைக்களஞ்சியத்தில் 1754இல் வெளிவந்த தொகுதியிலேயே இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில், குறிப்பாக சியோன் நகரத்தில், இப்படிப் பலர் இருப்பதாகவும், ஊரார் அவர்களைக் குடும்பத்தைக் காக்கும் தேவதைகளாக மதிப்பதாகவும் அது சொல்கிறது. சொல்லின் மூலமும் அதற்கேற்றதுதான். கிறிஸ்தவன் என்பதற்கான 'க்ரெத்தியேன்' என்ற சொல் மலைப்பேச்சில் திரிந்து அப்படி ஆனது என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. இவனும் நம்மைப் போல ஒரு மனிதப் பிறவிதான் என்று இரக்கத்தோடு வைத்த பெயர், கீழே சமவெளிக்கு இறங்கியதும் வசவாகிவிட்டது.

மருந்து கிடைத்தது போர்க்களத்துப் புண்ணியத்தில். நெப்போலியன் காலத்துப் போர்களுக்கு வெடிமருந்து வேண்டும், வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். பாரிஸில் வெடியுப்பு காய்ச்சிக்கொண்டிருந்த பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலை அதற்குப் பயன்படுத்தினார். 1811இல் ஒருநாள் கந்தக அமிலம் கொஞ்சம் கூடிப்போனதும் ஊதா நிற ஆவி எழும்பியது. பூனை ஜாடியைத் தட்டிவிட்டது என்றும் சொல்வார்கள், அது கட்டுக்கதையாகவே இருக்கலாம். அந்த ஊதா ஆவிதான் அயோடின். கிரேக்கத்தில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. கண்டுபிடித்த கூர்த்துவா அதனால் காசு பார்க்கவில்லை. 1838இல் வறுமையில் இறந்தார்.

கடற்பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கழலைக்குக் கொடுப்பது பழைய வைத்தியம். ஜெனீவாவில் ழான் பிரான்சுவா குவேந்தே என்ற மருத்துவர், அந்தச் சாம்பலில் வேலை செய்வது இந்தப் புதிய அயோடினாகத்தான் இருக்க வேண்டும் என்று யூகித்தார். 1820இல் நோயாளிகளுக்கு நேரடியாகக் கொடுத்துப் பார்த்தார். பல கழலைகள் சில வாரங்களிலேயே சுருங்கின. ஊரே மருந்துக்கடைக்கு ஓடியது. மருத்துவரைக் கேட்காமல் ஆளாளுக்கு வாங்கிக் குடித்தார்கள். பலருக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, உடம்பு இளைத்தது. அடுத்த ஆண்டே குவேந்தே தாமே எச்சரித்து எழுத வேண்டியதாயிற்று. அயோடின் விஷம் என்ற பேச்சு ஐரோப்பா முழுதும் பரவியது.

தவறு மருந்தில் இல்லை, அளவில். இன்றைய கணக்குப்படி பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். எழுபது வருடத்துக்கும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள், நாலு கிராம்கூட வராது. அன்று அவர்கள் ஒரே நாளில் குடித்தது இதைப் போலப் பல நூறு மடங்கு.

சரியான வழியைக் காட்டியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். பூசெங்கோ என்ற வேதியியலாளர் தென்னமெரிக்காவில், இன்றைய கொலம்பியாவில், பல ஆண்டுகள் இருந்தவர். சில ஊர் மக்கள் குறிப்பிட்ட ஊற்றுகளின் உப்பைச் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்குக் கழலை வருவதில்லை என்று கவனித்தார். உப்பைச் சோதித்தால் உள்ளே அயோடின். கழலை உள்ள ஊர்களிலெல்லாம் இந்த உப்பையே விற்கலாமே என்று 1830களிலேயே எழுதினார். பிறகு பாரிஸில் அதோல்ஃப் ஷாத்தேன். 1850 தொடங்கி ஊர் ஊராகத் தண்ணீர், மண், காற்று, உணவு எல்லாவற்றிலும் அயோடினை அளந்தார். எங்கே அது குறைகிறதோ அங்கே கழலையும் க்ரெத்தேன்களும் இருப்பதைக் கண்டு, பிரான்சின் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன். ஷாத்தேனுக்கு நேர்ந்தது எனக்கு நன்றாகவே புரிகிறது. கழகம் குழு போட்டது. குழு அவருடைய உழைப்பைப் பாராட்டியது, முடிவை ஏற்கவில்லை. அப்புறம் கோப்பு அலமாரிக்குப் போய்விட்டது.

1860இல் சவுவா பகுதி பிரான்சோடு சேர்ந்தது. அங்கே கழலை ஏராளம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தார்கள், நல்ல பலன் கிடைத்தது. ஆனாலும் திட்டம் நிலைக்கவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. கழலை இருந்தால் பட்டாளத்துக்குப் போக வேண்டாம்! கழலை வரவழைக்கும் என்று பெயர் வாங்கிய ஊற்றுகளைத் தேடிப் போய்த் தண்ணீர் குடித்த இளைஞர்கள்கூட இருந்தார்கள். பெற்ற பிள்ளையைப் போருக்கு அனுப்புவதைவிடக் கழுத்தில் ஒரு கட்டி மேல் என்று நினைத்த தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மருந்து அலமாரியில் கிடக்க, கத்தி கைக்கு வந்தது. பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் கைதேர்ந்தவர். கழலை அறுவையில் நோயாளி இறப்பது சாதாரணமாக இருந்த காலத்தில், சாவு எண்ணிக்கையைப் படிப்படியாக மிகக் குறைவாக்கியவர். 1874இல் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தைராய்டை முழுவதும் எடுத்துவிட்டார். காயம் ஆறியது, சிறுமி வீட்டுக்குப் போனாள். எட்டு ஆண்டு கழித்து ஜெனீவாவின் ரெவர்தேன் என்ற மருத்துவர், முழுதாக எடுத்தவர்களுக்குப் பின்னால் ஏதோ கேடு வருகிறது என்று கோக்கரிடம் சொன்னார். கோக்கர் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். அந்தச் சிறுமியும் அவள் தங்கையும் சேர்ந்து நிற்கும் படம் இன்றும் மருத்துவ வரலாற்று நூல்களில் இருக்கிறது. தங்கை வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள். அக்காள் அவள் தோளுக்கும் கீழே, வீங்கிய முகத்தோடு. முழுதாக எடுத்துவிட்டுத் திரும்பப் பரிசோதித்த 18 பேரில் 16 பேர் இப்படி ஆகியிருந்தார்கள். கோக்கர் 1883இல் இதை மறைக்காமல் எழுதினார். இனி முழுதாக எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசைவிட அந்தக் கட்டுரைதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்றால் தைராய்டு வேண்டாத சதை இல்லை, உடம்புக்கு இன்றியமையாத எதையோ அது சுரக்கிறது என்பது அப்போதுதான் உலகத்துக்கு உறைத்தது.

இல்லாததை வெளியிலிருந்து கொடுக்கலாமே என்ற துணிச்சலுக்கு ஒரு கிழவரும் காரணம். மொரீஷியஸில் பிறந்த பிரவுன் செக்கார் 1889இல், 72 வயதில், பாரிஸின் அறிஞர்கள் முன் எழுந்து, நாய், கினிப்பன்றி விரைகளின் சாற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டதாகவும் தமக்கு இளமை திரும்பியதாகவும் அறிவித்தார். நீரில் பிழிந்த அந்தச் சாற்றில் ஹார்மோன் ஏதும் இருந்திருக்க முடியாது. வேலை செய்தது நம்பிக்கை மட்டுமே. என் வயதுக்காரர்கள் அவரைப் பார்த்து ரொம்பச் சிரிக்க வேண்டாம். இன்றும் செய்தித்தாளில் அந்த வகை விளம்பரங்களை யாருக்காகப் போடுகிறார்கள்?

ஆனால் சுரப்பிச் சாறு என்ற எண்ணம் காற்றில் பரவிவிட்டது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு வற்றிப்போன 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றினார். வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. அடுத்த ஆண்டே ஊசி தேவையில்லை, வாய்வழியாகவே கொடுக்கலாம் என்று தெரிந்தது. ஒரு மருத்துவர் ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்துப் பழப்பாகோடு சாப்பிடச் சொன்னார்! மரேயின் நோயாளி 1919இல், 74 வயதில்தான் இறந்தார். அவருக்காக வெட்டுப்பட்ட ஆடுகள் 870க்கும் மேல். கடற்கரை நண்பர்கள் தங்கள் சின்ன மாத்திரையை ஒரு முறை நன்றியோடு பார்த்துக்கொள்ளலாம்.

1895இல் ஜெர்மனியின் பௌமான் தைராய்டுக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தச் செய்தி வந்தபோது ஷாத்தேன் உயிரோடிருந்தார், எண்பது வயது தாண்டியவராக. 1914இல் அமெரிக்காவில் கெண்டால் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927இல் லண்டனில் ஹாரிங்டனும் பார்கரும் அதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார்கள்.

உப்பின் பக்கம் இன்னும் தாமதம். 1918இல் சுவிஸ் மருத்துவர் பயார் கிரேஹென் என்ற மலைக்கிராமத்தில் சில குடும்பங்களுக்கு மிக மிகக் குறைந்த அளவு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்தார். கழலைகள் சுருங்கின, யாருக்கும் கெடுதல் வரவில்லை. 1922இல் சுவிட்சர்லாந்து அந்த உப்பை அனுமதித்தது. கூர்த்துவாவின் ஊதா ஆவிக்கும் இதற்கும் இடையில் 111 ஆண்டுகள்.

இந்தியாவில் நடந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னாளில் நமது குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்குப் பெயர் வாங்கித் தந்த ராபர்ட் மெக்கரிசன், அதற்கு முன் வடக்கே கில்கித்தில் ராணுவ மருத்துவராக இருந்தபோது கழலையைத்தான் ஆராய்ந்தார். ஊர்த் தண்ணீரின் கசண்டைத் தாமே குடித்துப் பார்த்தவர்! அசுத்த நீரிலிருந்து தொற்றும் நோய் என்று நினைத்தார். இமயத்து அடிவாரத்தில் விஷயத்தைத் தீர்த்துவைத்தது, சீகாகுளத்துக்காரரான டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவர் கூட்டாளிகளும் 1956இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய சோதனை. பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்கு வெறும் உப்பு. சில ஆண்டுகளில் அந்த இரண்டு பகுதிகளிலும் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, மூன்றாவதில் அப்படியே இருந்தது. 1962இல் தேசியத் திட்டம் பிறந்தது.

கடலோரத்தில் மீன் தின்று வாழும் நமக்கு அயோடின் உப்பு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். மீனிலும் கடற்பாசியிலும் அயோடின் உண்டு, சரி. ஆனால் மரக்காணம் உப்பளத்தில் காய்ந்து வரும் கல்லுப்பில் அது அநேகமாக இல்லை. கடலிலிருந்து வந்தால் அயோடின் இருக்கும் என்பது வெறும் நினைப்பு. இந்திய விதிப்படி வீட்டுக்கு வந்துசேரும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். அதற்காக இரத்தக் கொதிப்புக்காரர்கள் உப்பைக் கூட்டிவிடாதீர்கள், டப்பாவை மூடி வைத்தாலே போதும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இன்றும் எல்லாம் அளவில்தான் இருக்கிறது. 25, 50 என்று மைக்ரோகிராமில் கணக்கு. ஃபில்டர் காப்பியோடு விழுங்கினால் ஒரு பகுதி வீணாகும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இன்னொன்று, வயதானால் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது சகஜம். 65 வயது தாண்டிய, டி.எஸ்.எச். லேசாக மட்டும் ஏறியிருந்த 737 பேரை வைத்து ஐரோப்பிய நாடுகளில் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சோர்விலோ மற்ற தொந்தரவிலோ வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இப்போது நிறைய மருத்துவர்கள் நம் வயதுக்காரர்களுக்கு அந்த லேசான ஏற்றத்தைப் பார்த்ததும் மாத்திரை எழுதுவதில்லை. சில வாரம் கழித்து மறுபடி சோதிக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். சுரப்பி நிஜமாகவே வற்றியவர்களுக்கு மாத்திரை உயிர்.

உப்பால் தடுக்க முடியாத ஒரு வகை உண்டு. அயோடின் போதுமான அளவு இருந்தாலும், சுரப்பியே இல்லாமலோ அரைகுறையாகவோ பிறக்கும் குழந்தைகள். பிறந்தபோது பார்க்க நன்றாகவே இருப்பார்கள், மாதங்கள் போன பிறகுதான் தெரியும். அதற்குள் மூளைக்கு நேர்ந்தது திரும்பாது. கனடாவில், பிரெஞ்சு பேசும் கெபெக் நகரத்தின் லவால் பல்கலைக்கழகத்தில், 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ழான் துசோ இதற்கு வழி கண்டார். குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைத் தாளில் ஒற்றிக் காயவைத்து, அதில் தைராய்டு ஹார்மோனை அளப்பது. இன்று பல நாடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதைச் செய்கிறார்கள். நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் இன்னும் வழக்கமாகவில்லை. பேரனோ பேத்தியோ பிறந்திருந்தால் வீட்டுக்குக் கூட்டிவரும் முன் கேட்டுப் பாருங்கள். குறை தெரிந்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிட்டால் பிள்ளை மற்றவர்களைப் போலவே வளரும், படிக்கும். மருந்தும் நம்முடையதேதான், அதே மாத்திரை. நுணுக்கித் தாய்ப்பாலில் கரைத்துக் கரண்டியில் ஊட்டுகிறார்கள்.