கொக்கியும் சாப்பாவும்

கன்டெய்னர் வருவதற்கு முன் உலகத் துறைமுகங்கள் பெரும்பாலும் ஒரு சின்னக் கைக்கருவியை நம்பித்தான் ஓடின. வளைத்த எஃகுக் கம்பி, குறுக்கே ஒரு மரப்பிடி, பெயர் கொக்கி. பிடியை உள்ளங்கையில் வைத்து மூடினால் விரலிடுக்கில் கம்பி நீட்டி நிற்கும். குத்தி இழுத்தால் மூட்டை கூடவே வரும்.

சின்னதுதான், ஆனால் பொல்லாதது. முனை மழுங்கினால் சாக்கில் பிடிக்காமல் வழுக்கும். இழுத்த வேகத்தில் ஆள் மல்லாந்து விழுவார். அளவுக்கு மீறித் தீட்டினால் சாக்கு கிழிந்து சரக்கு கொட்டும், சில நேரம் பக்கத்து ஆளின் கையும் கிழியும். பிடி ஆடினால் கம்பி கைக்குள்ளேயே திரும்பிவிடும். கொப்பரை மூட்டையின் எண்ணெய் ஒட்டிய பிடியை அவ்வப்போது துடைத்தாக வேண்டும். காகிதப் பைக்குக் கொக்கி ஆகவே ஆகாது. அட்டைப்பெட்டிகளில் இன்றும் அச்சிடப்படும் குறுக்குக்கோடு போட்ட கொக்கிப் படம் சொல்வது அதைத்தான்.

இத்தனைக்கும் நிதானம் வேண்டும். கொச்சியில் அந்த நிதானத்தைப் பறித்தது சாப்பா.

1920-ல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கடல்முகத்து மணல்திட்டை வெட்டி வழி திறந்தார். 1928-ல் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணில் வில்லிங்டன் தீவு எழுந்தது. கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியைப் பார்த்த அதன் கரையிலுள்ள கப்பல்துறைக்கு மட்டாஞ்சேரி வார்ஃப் என்றே பெயர். வேலை பெருகியது. வேலை தேடி வந்தவர்கள் அதைவிடப் பெருகினார்கள். கூடி நிற்கும் கூட்டத்தை நோக்கி, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரான ஸ்டீவடோரின் ஆள் உலோக வில்லைகளை வீசுவார். அந்த வில்லைதான் சாப்பா. கையில் சிக்கியவருக்கு அன்று கூலி, மற்றவருக்குப் பட்டினி. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொண்டார்கள். மூட்டையைத் தொடும் முன்பே உடம்பில் காயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. துறைமுகத் தொழிலாளரை விபத்திலிருந்து காக்க 1934-லேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1948-ல். அதே ஆண்டு, அன்றாடக் கூலி முறையை ஒழுங்குபடுத்த இன்னொரு சட்டமும் வந்தது. ஆனால் நாளைக்குச் சாப்பா கிடைக்குமா என்று தெரியாதவர், 'இந்தக் கொக்கி சரியில்லை, சங்கிலி தேய்ந்திருக்கிறது' என்று யாரிடம் வாய் திறப்பார்?

1953-ல் சாப்பாவை எதிர்த்து வேலைநிறுத்தம் நீண்டது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, அந்தோணி என்ற மூன்று தொழிலாளர்களை அந்தப் போராட்டம் பலிகொண்டது.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' என்ற ஹாலிவுட் படத்தில், நியூயார்க் பக்கத்துத் துறைமுகத் தொழிலாளர்கள் தரையில் எறியப்பட்ட வில்லைகளுக்காக முட்டி மோதும் காட்சி உண்டு. கொச்சிக்காரர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. அவர்களுடைய கதையை கே. எம். சிதம்பரன் 1968-ல் 'துறமுகம்' என்ற நாடகமாக்கினார். 2023-ல் ராஜீவ் ரவியின் இயக்கத்தில் அது சினிமாவாக வந்தது.

சாப்பா ஒழிந்தது 1962-ல். பதினோரு ஆண்டுகளில் கொச்சித் துறைமுகத்துக்குக் கன்டெய்னரும் வந்துவிட, கொக்கியின் காலம் முடியத் தொடங்கியது. துறைமுகத் தொழிலாளரின் பாதுகாப்புக்கும் நலனுக்குமான விரிவான சட்டம் 1986-ல்தான் வந்தது. கொச்சித் துறைமுகத்தின் பாதுகாப்பு வரலாற்றை யாராவது எழுதினால், 1934-ன் சட்டப் புத்தகத்தை விட்டுவிட்டு 1953-ன் மட்டாஞ்சேரித் தெருவிலிருந்து தொடங்குவதே சரி.