பிரையர்டீன் புக்ஸ்

அறிவியல் புனைவு பற்றிய விமர்சனத்தை முதன்மையாக வெளியிடும் பிரிட்டிஷ் சிறு பதிப்பகம். இதழ்களில் வந்து மறைந்துபோகும் மதிப்புரைகளைத் தொகுத்து நூலாக்குவதே இதன் முக்கியமான பங்களிப்பு.

நயல் ஹாரிசனின் 'ஆல் தீஸ் வேர்ல்ட்ஸ்' (2023) இங்கு வெளிவந்தது. அவர் 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' இதழின் முன்னாள் தலைமை ஆசிரியர். இஸ்ரேலிய விமர்சகர் அபிகெயில் நுஸ்பாமின் 'டிராக் சேஞ்சஸ்' 2024இல் வந்தது. இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஹ்யூகோ விருதின் 'தொடர்புடைய சிறந்த படைப்பு' பிரிவில் இறுதிப் பட்டியலுக்குச் சென்றன, பரிசு கிட்டவில்லை. பெரிய நிறுவனங்களின் நூல்களோடு ஒரே பட்டியலில் நின்றதே ஒரு சிறு பதிப்பகத்துக்குப் பெரிய வெற்றி.

2025இல் வந்த பால் கின்கெய்டின் 'கலர்ஃபீல்ட்ஸ்' இன்னும் விசித்திரமானது. அறிவியல் புனைவைப் பற்றிய ஆய்வு நூல்களையே அது விமர்சிக்கிறது, விமர்சனத்துக்கு விமர்சனம்! இதற்கும் வாசகர் உண்டு என்று நம்பி அச்சிடத் துணிவு வேண்டும். இலங்கையில் வாழ்ந்து மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கின் கொடையில் தொடங்கி, அவர் பெயரிலேயே 1987 முதல் வழங்கப்படும் விருதை நெடுங்காலம் நிர்வகித்தவர் கின்கெய்ட்.

இத்தகைய முயற்சிக்குப் பிரிட்டனில் முன்னோடி உண்டு. ரோஜர் ராபின்சனின் பெக்கான் பப்ளிகேஷன்ஸ், ஜான் க்ளூட்டின் 'ஸ்கோர்ஸ்' (2003), 'கேனரி ஃபீவர்' (2009) ஆகிய மதிப்புரைத் தொகுப்புகளை வெளியிட்டது. அமெரிக்க விமர்சகர் கேரி கே. உல்ஃபின் தொகுப்புகளும் அங்கேதான் வந்தன.